ஊசி வேண்டாம் என்று சொன்னால்

நாகர்கோவிலில் என் சிறுவயதில் ஒருவர் கொஞ்சம் நிலைதவறிப் பேசினால், "ஊளம்பாறைக்குக் கொண்டு போகணும்" என்பார்கள். 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர் எங்களுடையது. ஆயில்யம் திருநாள் மகாராஜா காலத்தில், 1870இல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய ஊளம்பாறை மனநோய் மருத்துவமனைதான் எங்களுக்கும். போக வேண்டியவரிடம் யாரும் சம்மதம் கேட்டதாக நினைவில்லை.

சட்டமும் கேட்கச் சொல்லவில்லை. பிரிட்டிஷ் இந்தியாவின் 1912ஆம் ஆண்டுச் சட்டப்படி உறவினரின் மனு, இரண்டு மருத்துவச் சான்றிதழ்கள், மாஜிஸ்திரேட் உத்தரவு இருந்தால் போதும். தவறான ஆளை உள்ளே தள்ளிவிடக் கூடாது என்பதே அதன் கவலை. உள்ளே போனவருக்கு என்ன சிகிச்சை என்பதில் அவர் வாய்க்கு வேலையே இல்லை. 1985இல் கவிஞர் சுகதகுமாரி ஊளம்பாறைக்குள் போய்க் கண்ட அவலத்திலிருந்துதான் 'அபயா' அமைப்பு பிறந்தது. 1987இல் புதிய மனநலச் சட்டம் வந்தது. நடைமுறைக்கு வர 1993 ஆயிற்று. தானாக வந்து சேர்ந்தவர் வீட்டுக்குப் போகக் கேட்டால் 24 மணி நேரத்தில் விட வேண்டும் என்றது அது. கூடவே, இரண்டு மருத்துவர்கள் கூடாது என்றால் 90 நாள் வரை நிறுத்தி வைக்கலாம் என்றும் சொன்னது. நம்பி வந்தவருக்குப் பின்னால் கதவைச் சாத்துகிற அந்த விதியை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டிக்கிடந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டார்கள். அந்தச் சாவுகளுக்குப் பிறகும் சட்டம் மாறப் பதினாறு ஆண்டுகள் ஆயின. 2017இன் மனநலப் பராமரிப்புச் சட்டம்தான் சங்கிலி எந்த வடிவிலும் கூடாது என்றது. மயக்க மருந்தில்லாத மின் அதிர்ச்சி சிகிச்சையைத் தடை செய்தது.

என் போன்ற மனநல சமூகப் பணியாளர்களின் வேலையை மாற்றியது அதன் நான்காவது பிரிவு. ஒருவருக்கு மனநோய் இருக்கிறது என்பதாலேயே அவரால் முடிவெடுக்க முடியாது என்று ஆகிவிடாது. சொல்வது அவருக்குப் புரிகிறதா, விளைவு தெரிகிறதா, தன் முடிவைப் பேச்சிலோ சைகையிலோ தெரிவிக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். அவர் முடிவு நமக்குத் தவறாகப் படுவது மட்டும் காரணமாகாது.

பொன்முடி அடிவாரத்தில், கல்லாற்றுப் பக்கத்துக் குடியிருப்பு ஒன்றில் ஓர் இளைஞரைப் பார்க்கப் போயிருந்தோம். ராத்திரியெல்லாம் தூக்கமில்லை, காட்டுக்குள் இறங்கிப் போய்விடுகிறார் என்று அம்மா அழுதார். மருந்தைக் கண்டால் ஓடுகிறாராம். திண்ணையில் உட்கார்ந்து நெடுநேரம் வேறு பேச்சுப் பேசினோம்: மிளகு, யானை, மழை. பிறகுதான் கேட்டேன்.

"ஊசி வேண்டாமா, மருந்தே வேண்டாமா?"

"ஊசி வேண்டாம் சாரே. குளிகை தின்னலாம். ராத்திரி மட்டும்."

ஊசி போட்டால் உடம்பு இறுகி, தாடை கோணியதை அவர் மறக்கவில்லை. சில மனநோய் மருந்துகளுக்கு அந்தப் பக்கவிளைவு உண்டு. அவர் மறுத்ததற்கு நோயைக் காரணம் சொல்ல முடியாது. பட்டவருடைய அறிவு அது. மருத்துவர் மாத்திரைக்கு மாற்றினார். என் தொழிலின் பெரும்பகுதி இந்த ஒரு கேள்விக்குள் அடங்குகிறது: வேண்டாம் என்கிறவர் எதை வேண்டாம் என்கிறார்? அதைக் கேட்கத் திண்ணையும் நேரமும் வேண்டும். புறநோயாளிப் பிரிவின் நெரிசலில் இரண்டும் கிடைப்பதில்லை.

பல வீடுகளில் மாத்திரையைப் பொடித்துச் சோற்றிலோ சாயாவிலோ கலந்துவிடுகிறார்கள். அந்தத் தாய்மாரை நான் குறை சொல்ல மாட்டேன். வேறு வழி யாரும் காட்டவில்லை. ஆனால் ஒருநாள் அது தெரிந்துவிடும். அதன்பின் அம்மா கையால் தரும் தண்ணீரைக்கூட அவர் குடிக்க மாட்டார். சோற்றில் விஷம் வைக்கிறார்கள் என்ற அவருடைய சந்தேகத்துக்கு நாமே சாட்சியாகிவிடுகிறோம்.

கட்டாய சிகிச்சையே கூடாது என்று ஐ.நா. மாற்றுத்திறனாளி உரிமைக் குழு 2014இல் சொன்னது. நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். உயிரைப் போக்கிக்கொள்ளப் போகிறவரிடம் விவாதித்துக்கொண்டிருக்க முடியாது. அந்த அவசரத்துக்குச் சட்டம் 72 மணி நேரம் தருகிறது. அவருக்காகப் பேச நியமிக்கப்பட்ட பிரதிநிதி கிடைத்தால் அவரிடம் சம்மதம் கேட்கவும் சொல்கிறது. அதற்கு மேல், பிரதிநிதியின் ஆதரவுடன் மருத்துவமனையில் சேர்க்கும்போதும் முதல் கட்டம் 30 நாள்தான். அதற்குள் ஏழு நாளுக்கு ஒருமுறை, இப்போது இவரால் தானே முடிவெடுக்க முடிகிறதா என்று மறுபடி பார்த்தாக வேண்டும். இந்த வாராந்தரப் பரிசீலனையைக் கையெழுத்துச் சடங்காக முடித்துவிட்டால் 1912க்கே திரும்பிவிட்டோம் என்றுதான் அர்த்தம்.

நோயிலிருந்து தெளிந்திருப்பவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் ஒரு வேண்டுகோள். தெளிவாக இருக்கும் நாளிலேயே முன்கூட்டிய மருத்துவ விருப்ப ஆவணத்தை எழுதி, மனநல மறுஆய்வு வாரியத்தில் பதிவு செய்துவையுங்கள். எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று அதில் சொல்லலாம். உங்களுக்காகப் பேச ஒரு பிரதிநிதியை நியமிக்க ஒரு வெள்ளைத்தாள் போதும். கையெழுத்து வராவிட்டால் பெருவிரல் ரேகை வைத்தாலும் செல்லும்.