பஞ்சாரத்தடியில் ஒரு கோழி

தேனியிலிருந்து தெற்கு நோக்கிப் பேருந்தில் செல்வோர்க்கு வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாய் எதிர்ப்படும். மேற்கே கேரள எல்லை மலைகள், கிழக்கே மேகமலை, இடையே நெல்வயல்களும் தென்னந்தோப்புகளும் திராட்சைப் பந்தல்களும். பென்னிகுக் கட்டிய பெரியாற்று அணை 1895-இல் திறக்கப்பெற்றபின், மேற்கே ஓடிய நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பியது. அந்நீரே இப்பள்ளத்தாக்கின் உயிர். இங்கு விளையும் பன்னீர் திராட்சையை 1832-இல் தமிழகத்திற்குக் கொணர்ந்தவர் பிரெஞ்சு நாட்டுக் குருவானவர் ஒருவர் என்பர். 2023-இல் அக்கனிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இத்துணை வளத்தினூடே நாம் சொல்ல வந்ததோ ஒரு பெட்டைக்கோழியைப் பற்றி.

இப்பள்ளத்தாக்கின் சிற்றூர் ஒன்றில் நாம் பணியாற்றிய காலம். ஒரு நாள் காலைத் திருப்பலி முடிந்ததும் கைம்பெண் ஒருவர் அழுதுகொண்டு வந்தார். “சாமி, நேத்துச் சாயங்காலம் நல்லா மேஞ்ச கோழி சாமி. விடியக்காலம் பஞ்சாரத்தைத் தூக்கினா விறைச்சுக் கிடக்கு. பக்கத்து வீட்டுக்காரிதான் மருந்து வச்சிட்டா” என்றார். அண்டை வீட்டாரின் கத்தரி நாற்றைக் கோழி கிளறியதும், அதன்பொருட்டு ஏச்சுப்பேச்சு நிகழ்ந்ததும் உண்மையே. முட்டை விற்ற காசில் பேரனுக்கு நோட்டுப்புத்தகம் வாங்கும் ஏழைக்கு ஒரு கோழியின் இழப்பு சிறிதன்று. ஆயினும் இழந்தது கோழி மட்டுமோ? அன்று முதல் இரு வீட்டாரிடையே பேச்சற்றுப் போயிற்று. ஞாயிறு திருப்பலியில் ஒருவருக்கொருவர் சமாதானம் கூறும் வேளையில் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டதை நாமே கண்டோம்.

அடுத்த சில நாள்களில் அவ்வம்மாளின் வீட்டில் மேலும் இரண்டு கோழிகள் மடிந்தன. எஞ்சியவையாவது பிழைக்கட்டுமென்று ஒரு சேவலைப் புனித அந்தோணியாருக்கு நேர்ச்சையாய்க் கொணர்ந்தார். வழக்கம்போல் ஆலய முற்றத்தில் அதை ஏலம் விட்டோம். கோழிகள் சில சந்தைக்கும் போயின. பத்து நாள் கழியுமுன் சேவலை ஏலத்தில் எடுத்தவரின் தெருவெங்கும் கோழிகள் கழுத்தைத் திருகிக்கொண்டு வீழ்ந்தன. நஞ்சு வைத்ததாகப் பழி சுமந்த வீட்டிலும் ஆறு கோழிகள் மாண்டன.

அதன் பின்னரே இறந்த கோழியொன்று அரசு கால்நடை மருந்தகத்திற்குச் சென்றது. அறுத்துப் பார்த்த மருத்துவர், “இது கோழிக்கழிச்சல்” என்றார். வெள்ளைக்கழிச்சல் என்று நம் மக்கள் அறிந்த நோய் அது. 1926-இல் சாவகத் தீவிலும், இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் கண்டறியப்பட்டு, அடுத்த ஆண்டே இமயமலைப் பகுதியின் இராணிக்கேத்தில் தோன்றியதால் அவ்வூர்ப் பெயரையே பெற்றது. பச்சையும் வெண்மையுமாய்க் கழிதல், மூச்சுத் திணறல், கழுத்து முறுக்கல், கால் சிறகு முடங்கல் ஆகியன அதன் குறிகள். கடுமையாய்த் தாக்கினால் குறியேதும் காட்டாமலே ஓரிரவில் கொன்றுவிடும். நோயுற்ற கோழியின் எச்சிலும் எச்சமும், அதைத் தொட்டவரின் கைகால்களுங்கூட நோயைச் சுமந்து செல்லும். நோய் வந்தபின் தீர்க்கும் மருந்தில்லை. முன்னரே தடுப்பதொன்றே வழி. குஞ்சு பொரித்த முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து. எட்டாம் வாரத்தில் இறக்கையில் ஊசி. இறந்ததைச் சுண்ணாம்பிட்டு ஆழப் புதைத்தல் வேண்டும். நோய் கண்ட வீட்டுக் கோழியை விற்றலோ பிறர்க்கு ஈதலோ கூடாது.

இதைக் கேட்டபோது நம் முகம் வெளிறியது. முதற்கோழியைப் புதைத்துவிட்டபடியால் அது மாண்ட காரணத்தை இனி எவரும் ஆய்ந்தறிய இயலாது. ஆயினும் தெருத்தெருவாய்ச் சாவைச் சுமந்து சென்றது அண்டை வீட்டாரின் கையன்று. நாம் கூவி விட்ட ஏலமே. அடுத்த ஞாயிறு பீடத்தில் நின்று அதை மறைக்காது சொன்னோம். திருப்பலி முடிந்ததும் அவ்வம்மாள் அண்டை வீட்டாரிடம் சென்று, “தப்பா நெனச்சிட்டேன் தாயி” என்றார். அவரோ, “ஒன் கோழி செத்தப்ப நான் எட்டிப் பார்க்கலையே அக்கா” என்று கரம் பற்றினார்.

எருசலேமை நோக்கிக் கண்ணீர் சிந்திய ஆண்டவர், தம் ஏக்கத்தை உரைக்கச் சிங்கத்தையோ கழுகையோ தேடவில்லை. குஞ்சுகளைச் சிறகின்கீழ்ச் சேர்க்கும் தாய்க்கோழியையே காட்டினார். ஏழையின் கொல்லையை அவர் நன்கறிவார். அக்கொல்லையில் நேரும் சாவுக்குக் காரணம் தேடுமுன் பகைவனைத் தேடுவது நம் பழக்கம். அறியாமை இட்ட முட்டையைச் சந்தேகம் அடைகாக்கிறது.

அண்மையில் அவ்வூர் வழியே மீண்டும் சென்றோம். ஆண்டுதோறும் பிப்ரவரித் திங்களில் கால்நடைத் துறையினர் நடத்தும் இருவாரத் தடுப்பூசி முகாமின் நாளைத் திருமண ஓலைகளோடு சேர்த்து ஆலயத்தில் வாசிக்கிறார்கள். அதிகாலையிலேயே கூடைகளுடன் பெண்கள் வரிசையில் நின்றனர். அவர்களுள் அவ்விருவரும் இருந்தனர். இரு வீட்டுக் கோழிகளும் ஒரே கூடையில் இருந்தன.