சன்னலுக்கு வெளியே முதல் தொட்டியை வைத்தவர்

லண்டனின் வடக்கு ஓரத்தில் நாங்கள் குடியிருக்கும் தெருவில், நவம்பர் பிறந்துவிட்டால் தோட்டத்துக்குத் தோட்டம் ஒரு பிளாஸ்டிக் குழாய் தொங்கும். உள்ளே சூரியகாந்தி விதை. பக்கவாட்டில் சின்னத் துளைகள். ஒவ்வொரு துளைக்கும் கீழே பறவை நிற்க ஒரு குச்சி. இதற்கு இங்கே பேர்டு ஃபீடர் என்று பெயர். பனிக்காலம் முழுக்க, சமையலறைச் சன்னலுக்குப் பின்னால் கேமராவோடு உட்கார்ந்து அதற்கு வரும் பறவைகளைப் படம் பிடிப்பவர்களில் நானும் ஒருத்தி. இந்த வழக்கம் எப்போது வந்தது என்று பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் கேட்டேன். "என் தாத்தா காலத்திலிருந்தே உண்டு" என்றார். நம் வீடுகளில் காக்கைக்குச் சோறு வைப்பதற்கு முன்னோர் என்ற காரணம் இருக்கிறது. இங்கே என்ன காரணம்? நூலகத்துப் பழைய புத்தகங்களில் தேடத் தொடங்கினேன்.

குழாய் தாத்தா காலத்தது அல்ல. இந்த வடிவத்தைப் பரப்பியவர் அமெரிக்காவின் ரோட் ஐலண்டைச் சேர்ந்த பீட்டர் கில்ஹாம், ஆண்டு 1969. வலைக்குள் தொங்கும் கொழுப்பு உருண்டையின் முன்னோடிக்கு வயது அதிகம். ஜெர்மனியில் ஹான்ஸ் ஃபொன் பெர்லெப்ஷ் என்ற பிரபு, ஸீபாக் என்னும் ஊரில் இருந்த தம் மாளிகைத் தோட்டத்தையே பறவைகளுக்கான ஆய்வுக்கூடமாக்கி வைத்திருந்தார். உருக்கிய மாட்டுக்கொழுப்பில் விதைகளைக் கலந்து, ஊசியிலை மரத்தின் கிளைகள் மேல் சூடாக ஊற்றுவார்கள். ஆறியதும் மரம் முழுக்கத் தீனி ஒட்டிக்கொள்ளும். எந்தக் காற்றிலும் பனியிலும் அது உதிராது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இந்த முறை புத்தகமாகி ஆங்கிலத்துக்கும் வந்துவிட்டது.

இன்னும் பின்னால் போனால் பிரிட்டனின் 1890-91 குளிர்காலம். நவம்பர் கடைசியில் இறுகிய குளிர் ஜனவரி பாதி தாண்டியும் விடவில்லை. பறவைகளுக்கு ஏதாவது போடுங்கள் என்று பத்திரிகைகள் நாட்டு மக்களைக் கேட்டுக்கொண்டன. அதையடுத்த சில ஆண்டுகளில் லண்டன் பாலங்களில் ஏழைத் தொழிலாளிகள்கூட நின்று கடற்புறாக்களுக்கு ரொட்டியும் சிறுமீனும் வீசியதை எழுத்தாளர் டபிள்யூ. எச். ஹட்சன் பதிவு செய்திருக்கிறார். 1910ல் பஞ்ச் இதழ், பறவைக்குத் தீனி வைப்பது நாட்டின் பொழுதுபோக்காகிவிட்டது என்றே எழுதியது. இந்த வழக்கத்தைப் பற்றிப் பேசுகிற பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள்: இரக்கத்தில் பிறந்தது, அவ்வளவுதான் என்று.

ஆனால் அந்த 1890-91 குளிர்காலத்துக்கு அறுபது ஆண்டுகளுக்கும் மேல் முன்னாலேயே ஒரு மனிதர் இருக்கிறார். ஜான் ஃப்ரீமன் டோவாஸ்டன். வேல்ஸ் எல்லையை ஒட்டிய ஷ்ராப்ஷயரில், வெஸ்ட் ஃபெல்டன் என்ற கிராமத்தில் வாழ்ந்த கவிஞர். மரச்செதுக்குப் பறவைப் படங்களால் புகழ்பெற்ற தாமஸ் பியூயிக்கின் நண்பர். 1825ல் அவர் ஒரு தொட்டியில் பறவைகள் அமரக் குச்சிகளைப் பொருத்தித் தம் சன்னலுக்கு வெளியே வைத்தார். ஆர்னிதோட்ரோஃப் என்று தாமே அதற்குப் பெயரும் சூட்டினார். தூரத்துப் பறவைகளைப் பார்க்கத் தொலைநோக்கி வைத்திருந்தவர் அவர். ஒரு ராபின் தனக்கென்று எந்த எல்லையைக் காக்கிறது என்று கவனித்தவர். பறவையைச் சுட்டு வீழ்த்திக் கையில் எடுத்துப் பார்ப்பதே பறவை ஆராய்ச்சியாக இருந்த காலம் அது. டோவாஸ்டனுக்கு உயிரோடு, பக்கத்தில், அதன் போக்கில் பார்க்க வேண்டும். அந்த ஆசைக்காகவே தொட்டி வந்தது என்று நான் நம்புகிறேன். பரிவு அவரிடம் இல்லாமல் இல்லை. பார்க்கும் ஆவல்தான் முந்தியது. அவர் பெயரை ஒவ்வொரு ஃபீடரின் பெட்டி மேலும் அச்சிட்டிருக்க வேண்டும் என்றுகூடத் தோன்றுகிறது.

கேமரா இந்தச் சன்னலுக்கு வந்து சேர நெடுநாள் ஆனது. 1892 ஏப்ரலில், எங்கள் பக்கத்து என்ஃபீல்டில், செரி கியர்ட்டன் ஒரு பாடும் பறவையின் கூட்டைப் படமெடுத்தார். அண்ணன் ரிச்சர்டோடு சேர்ந்து 1895ல் வெளியிட்ட புத்தகம் முழுக்கப் பறவைக் கூடுகளின் புகைப்படங்கள். பறவையை நெருங்க, மாட்டுத்தோலில் செய்த பொய் மாட்டுக்குள்ளும் ஒளிந்திருந்தார்கள். கண்ணாடித் தகடும் மெதுவான கேமராவும் இருந்த நாளில், பறவை கட்டாயம் திரும்பி வருகிற இடம் கூடுதானே! பறவைக்கு அது ஆபத்தான இடமும்கூட. தாய் மிரண்டு போய்விட்டால் முட்டை குளிர்ந்துவிடும். அரிய பறவைகள் பலவற்றைக் கூட்டில் படமெடுக்க 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி பிரிட்டனில் இன்று உரிமம் வேண்டும்.

குளிர்காலத்தில் பறவை திரும்பத் திரும்ப வருகிற இன்னொரு இடம் ஃபீடர். கெடுக்க அங்கே கூடு இல்லை. ஜனவரியில் பகல் எட்டு மணி நேரம்தான். பதினோரு கிராம் எடையுள்ள ப்ளூ டிட் அதற்குள் அன்றைய இரவைத் தாண்டுவதற்கான கொழுப்பைச் சேர்த்தாக வேண்டும். நம் ஊர்ப் பட்டாணிக்குருவிக்கு நெருங்கிய சொந்தமான கிரேட் டிட்டும் அப்படித்தான். குழாயில் உட்கார்ந்து தின்னாது. ஒரே ஒரு விதையை எடுத்துக்கொண்டு கிளைக்குப் போகும். இரு காலாலும் அதை அமுக்கிப் பிடித்து, அலகால் தட்டித் தட்டித் தோலை உடைத்துப் பருப்பை மட்டும் கொத்தும். அடுத்த நிமிடம் மறுபடி குழாய். ஆகவே குழாயைக் குறிவைக்காமல், அதிலிருந்து இரண்டு கை தள்ளிப் பாசி படர்ந்த ஒரு குச்சியை நட்டு அதில் ஃபோகஸ் செய்து காத்திருப்பேன். வெளிச்சம் மங்கல்தான், ஆனாலும் ஷட்டரை நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குக் கீழே விட்டால் படத்தில் பறவையின் தலை கலங்கிவிடும். கேமராவின் ஒளியுணர்வை, அதாவது ஐஎஸ்ஓவை, ஏற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

இருநூறு ஆண்டுப் பழக்கம் பறவைகளுக்கு நன்மை மட்டும் செய்துவிடவில்லை. 2005 முதல் ட்ரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணி ஃபீடர்களில் கூடும் கிரீன்ஃபிஞ்ச் பறவைகளிடையே பரவியது. தொண்டை வீங்கி, விழுங்க முடியாமல் அவை சாகின்றன. எச்சில் பட்ட தீனியும் நீரும் நோயைக் கடத்துகின்றன. 2021ல் கிரீன்ஃபிஞ்ச் பிரிட்டனின் சிவப்புப் பட்டியலுக்குப் போய்விட்டது. பறவைகள் ஒரே பரப்பில் மொய்க்கும் தட்டை மேசைகளை விற்பதை அரச பறவைப் பாதுகாப்புச் சங்கம் 2025ல் நிறுத்தி வைத்தது. டோவாஸ்டன் தொட்டியின் நேர் வாரிசுகள் அவைதான்.

ஃபீடர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாரம் ஒருமுறை அதைக் கழற்றிக் கழுவி, நன்றாகக் காய வைத்து, வேறொரு கிளையில் மாட்டுங்கள். ஓரிரு நாளில் தீர்கிற அளவுக்கு மட்டும் விதை போடுங்கள். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். உடம்பை உப்பிக்கொண்டு, விரட்டினாலும் பறக்காமல் ஒரு பறவை உட்கார்ந்திருந்தால் படமெடுப்பதை விட்டுவிட்டு, ஃபீடரை உடனே இறக்கிச் சில வாரங்கள் உள்ளே வைத்துவிடுங்கள்.