தேதி முடிந்த இறைச்சியைச் சமைக்கலாமா?



நம் பெற்றோருடைய அடுக்களையில் எழாத ஒரு கேள்வி, பட்டணத்தில் வாழும் நம்முடைய அடுக்களையில் இன்று எழுந்து நிற்கிறது. ஊரிலே ஆடு அடித்தால் அன்றைக்கே பங்கு பிரித்து, அன்றைக்கே குழம்பு வைத்துவிடுவார்கள். மீந்த கறியை நீளமாக அரிந்து, உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றில் கோத்து வெயிலில் உலர்த்தி உப்புக்கண்டமாக்குவார்கள். பச்சைக் கறியை நாட்கணக்கில் வைத்திருக்கும் வழக்கம் அவர்களுக்கு இல்லை. நாமோ பிளாஸ்டிக் தாளில் சுற்றப்பட்ட கறியை, தேதி அச்சிட்ட பொட்டலமாக வாங்குகிறோம். அந்தத் தேதி கடந்துபோனால் அதை அடுப்பில் ஏற்றுவதா, குப்பையில் போடுவதா?

இதை அற்பக் காரியமென்று எண்ணாதிருங்கள். தலைநகர் டெல்லியில் தமிழ்க் குடும்பங்கள் நடுவே பல ஆண்டுகளாக ஊழியம் செய்துவருகிறேன். நம் சகோதரிகளில் அநேகர் வீட்டு வேலை செய்து பிழைக்கிறவர்கள். மே மாதத்தில் வீட்டுக்காரர்கள் மலைப்பிரதேசங்களுக்குப் புறப்படும்போது ஃபிரிட்ஜைக் காலி செய்து, அதிலுள்ளவற்றை வேலை செய்கிறவர்களிடம் கொடுப்பது வழக்கம். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை இரவில் ஒரு சகோதரி தொலைபேசியில் அழைத்தார்கள்.

"பாஸ்டர், வேலை செய்கிற வீட்டம்மா ஒரு கிலோ கோழிக்கறி கொடுத்தார்கள். மகன் பொட்டலத்தைப் படித்துவிட்டு, தேதி முந்தாநாளே முடிந்துவிட்டது என்கிறான். மோந்து பார்த்தேன், கெட்ட வாடை இல்லை. எறிய மனம் வரவில்லை. நன்றாக வேகவைத்து, ஜெபித்துவிட்டுச் சாப்பிட்டால் போதாதா?"

அந்த வீட்டில் சர்க்கரை வியாதியுள்ள மாமியாரும், பிரசவத்துக்கு வந்திருந்த மகளும் இருந்தார்கள். மாதத்தில் இரண்டு முறைகூடக் கறி வாங்க இயலாத வீடு அது. ஆகையால் உடனே "எறிந்துவிடுங்கள்" என்று சொல்லிவிட எனக்கும் மனம் வரவில்லை. மூன்று கேள்விகளைக் கேட்டேன். பொட்டலத்தில் தேதிக்கு முன்னால் என்ன எழுதியிருக்கிறது? அவர்கள் வீட்டில் அது ஃபிரீசரில் இருந்ததா, கீழ்த்தட்டில் இருந்ததா? உங்கள் வீடு வந்துசேர எவ்வளவு நேரம் ஆனது? "யூஸ் பை" என்றிருக்கிறது, கீழ்த்தட்டில்தான் இருந்தது, பேருந்தில் ஒன்றேகால் மணி நேரம் ஆனது என்று பதில் வந்தது. அதைக் கேட்டபின், சமைக்க வேண்டாம் என்று சொன்னேன். அன்றிரவு அந்த வீட்டில் முட்டைக் குழம்பு வைத்தார்கள். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை உங்களுக்கும் விளக்க விரும்புகிறேன்.

இரண்டு விதமான தேதிகள்

"பெஸ்ட் பிஃபோர்" என்பது தரத்தைக் குறித்த தேதி. அதற்குப் பின் ருசியும் மணமும் குறையலாம். பொருள் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. "யூஸ் பை" அல்லது "எக்ஸ்பயரி" என்பது பாதுகாப்பைக் குறித்த தேதி. அதற்குப் பின் அந்தப் பொருளை உண்ணத்தக்கதாகக் கருதக் கூடாது. நம் நாட்டின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-ஆம் ஆண்டு வெளியிட்ட லேபிள் ஒழுங்குமுறைகளின்படி, பொட்டல உணவுகளில் "யூஸ் பை" தேதி கட்டாயம். "பெஸ்ட் பிஃபோர்" விருப்பத்துக்கு விடப்பட்டது. ஆகவே உங்கள் கையிலுள்ள பொட்டலத்தில் எந்தச் சொல் இருக்கிறதென்று முதலாவது பாருங்கள். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாவிட்டால் பிள்ளைகளிடம் காட்டுங்கள்.

அந்தத் தேதிக்கு ஒரு நிபந்தனையும் உண்டு. அதே பொட்டலத்தில் சிறிய எழுத்தில், இன்ன குளிரில் வைக்க வேண்டும் என்று அச்சிட்டிருக்கும். குளிரவைத்த கறிக்கு 4 டிகிரி செல்சியஸ் அளவிலும், உறையவைத்த கறிக்குப் பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரியிலும் வைக்கச் சொல்லியிருப்பார்கள். அந்தக் குளிர் தவறாமல் இருந்தால் மட்டுமே அந்தத் தேதி செல்லும். இடையில் குளிர் அறுந்துபோனால், இன்னும் நான்கு நாள் மீதியுள்ள பொட்டலமும் இன்றைக்கே கெட்டுப்போகலாம்.

டெல்லியின் கோடையை நீங்கள் அறிவீர்கள். 2024-ஆம் ஆண்டு மே மாதத்தில் சப்தர்ஜங்கில் வெப்பம் 46 டிகிரியைக் கடந்தது. கிருமிகள் வேகமாகப் பெருகுவது 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையிலே. ஏற்ற சூடு கிடைத்தால், சில கிருமிகள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். அந்தக் கணக்கில் ஒன்று இரண்டு மணி நேரத்தில் 64 ஆகும். நான்கு மணி நேரத்தில் 4,096 ஆகும். சீக்கிரம் கெடும் உணவை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பது பொது விதி. 32 டிகிரிக்கு மேற்பட்ட வெயிலில் ஒரு மணி நேரமே எல்லை என்று அமெரிக்க வேளாண்மைத் துறை அறிவுறுத்துகிறது. அந்தச் சகோதரியின் பேருந்துப் பயணம் ஒன்றே அந்த எல்லையைக் கடந்துவிட்டது.

மின்வெட்டும் அப்படித்தான். 2012-ஆம் ஆண்டு ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்திய மின்தொகுப்பு அடுத்தடுத்து இரண்டு நாள் செயலிழந்ததைப் பலர் மறந்திருக்கமாட்டீர்கள். மின்சாரம் நின்றால், கதவைத் திறவாதிருக்கும் ஃபிரிட்ஜ் ஏறக்குறைய 4 மணி நேரம் குளிரைக் காக்கும். நிரம்பிய தனி ஃபிரீசர் 48 மணி நேரமும், பாதி நிரம்பியது 24 மணி நேரமும் தாங்கும். நம் வீடுகளிலுள்ள ஒற்றைக்கதவு ஃபிரிட்ஜின் சிறிய ஃபிரீசர் தட்டு அவ்வளவு நேரம் தாங்காது. எனவே மின்வெட்டின்போது கதவைத் திறந்து திறந்து பார்க்காதேயுங்கள்.

மூக்கையும் குக்கரையும் நம்பலாமா?

"வாடை இல்லையே" என்பது நாம் சொல்லும் முதல் நியாயம். துர்வாடை வீசினால், தொட்டால் பிசுபிசுத்தால், பொட்டலம் உப்பியிருந்தால், தேதி மீதியிருந்தாலும் எறிந்துவிடுங்கள். ஆனால் வாடை இல்லாதது நற்சாட்சி ஆகாது. கறியை நாறச்செய்யும் கிருமிகள் வேறு, நம்மை நோயில் தள்ளும் கிருமிகள் வேறு. சால்மோனெல்லா போன்றவை வாடையோ நிறமாற்றமோ இல்லாமலே கறியில் பெருகியிருக்கக்கூடும். மஞ்சளும் எலுமிச்சையும் போட்டுக் கழுவினால் வாடை போகும், ஆபத்து போகாது. குழாயின் கீழே கோழியைக் கழுவும்போது தெறிக்கும் நீர், பக்கத்திலுள்ள பாத்திரங்களுக்கும் கிருமியைக் கொண்டுபோகும்.

"நன்றாக வேகவைத்தால் எல்லாம் செத்துவிடாதா?" என்பது இரண்டாவது நியாயம். நல்ல கறியை உள்ளே 70 டிகிரிக்கு மேல் சூடேறும்படி வேகவைப்பது அவசியம். அது பெரும்பாலான கிருமிகளைக் கொல்லும். ஆனால் சில கிருமிகள் பெருகும்போது நஞ்சைக் கக்கிவைக்கின்றன. மனிதர் கையிலும் மூக்கிலும் வாசம்பண்ணும் ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற கிருமியின் நஞ்சு, கொதிக்கும் நீரிலும் அழிவதில்லை. கிருமி செத்தபின்னும் நஞ்சு குழம்பிலே தங்கும். ஆகையால் குக்கர் விசில்களை எண்ணி ஆறுதல்கொள்ள இயலாது.

சலாமி, ஹாம் போன்று சமைக்காமலே உண்ணும் இறைச்சிகளில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். லிஸ்டீரியா என்ற கிருமி ஃபிரிட்ஜின் குளிரிலும் மெல்ல மெல்ல வளரும். கர்ப்பிணியின் வயிற்றிலுள்ள குழந்தையைச் சாகடிக்கவும் அதனால் கூடும். கர்ப்பிணிகளும், முதியவர்களும், சிறு பிள்ளைகளும், சர்க்கரை வியாதியுள்ளவர்களும் இருக்கிற வீட்டில் இந்தப் பரீட்சை வேண்டவே வேண்டாம்.

ஜெபித்துச் சாப்பிட்டால்?

உணவுக்காக ஸ்தோத்திரம் செலுத்துவது நம் வழக்கம். அதை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் ஆபத்தென்று அறிந்தே ஒன்றைத் தட்டில் வைத்துவிட்டு, அதற்காக ஜெபிப்பது வேறு காரியம். தேவாலயத்து உப்பரிகையிலிருந்து தாழக் குதிக்கும்படி பிசாசு சொன்னபோது நம் ஆண்டவர் அதற்கு இணங்கவில்லை என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அறிவு சொல்லும் எச்சரிப்பையும் நமக்குக் கிடைத்த ஈவாகவே எண்ணவேண்டும்.

"எறிவது பாவமல்லவா?" என்று கேட்பவர்களும் உண்டு. ஐயாயிரம் பேர் போஷிக்கப்பட்டபின் மீதியான துணிக்கைகளைச் சேர்க்கச் சொன்னாரே என்பார்கள். மெய்தான். ஆனால் எப்பொழுது சேர்த்தார்கள்? ஜனங்கள் சாப்பிட்டு முடித்த அந்த வேளையிலேயே, அப்பம் நல்லதாயிருக்கும்போதே சேர்த்தார்கள். லேவியராகமத்தின் 7-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். பலியின் மாம்சம் மூன்றாம் நாள் மட்டும் மீந்திருந்தால், அது சுட்டெரிக்கப்பட வேண்டியிருந்தது. அது பரிசுத்தத்தைக் குறித்த கட்டளை, சுகாதாரப் பாடமல்ல. ஆயினும், காலம் கடந்த மாம்சத்தை அழிப்பது அங்கே வீண்செயலாக எண்ணப்படவில்லை.

சிக்கனத்துக்கு ஏற்ற வேளை

சிக்கனம் நல்லது. ஆனால் அதைத் தேதி முடிவதற்கு முன்னே காட்டவேண்டும். வாங்கும்போதே இரண்டு வேளைக்குத் தேவையானதை மட்டும் வாங்குங்கள். பச்சைக் கோழியையும் கொத்துக்கறியையும் ஃபிரிட்ஜில் ஓரிரு நாளுக்குள்ளும், ஆட்டுக்கறித் துண்டுகளை 3 முதல் 5 நாளுக்குள்ளும் சமைத்துவிடுங்கள். கறிக்கடையில் வெட்டி வாங்கும் கறிக்குத் தேதியே கிடையாது. வாங்கிய நாளை நீங்களே ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். சமைக்க இயலாதென்று தோன்றினால், தேதிக்கு முன்பே சிறு சிறு பொட்டலங்களாக ஃபிரீசரில் வையுங்கள். உறைந்த நிலையில் கிருமிகள் பெருகுவதில்லை. ஆனால் அவை சாவதும் இல்லை. தேதிக்கு முன் உறையவைத்து, இடையில் இளகாமல் இருந்த கறியைத் தேதிக்குப் பின்னும் சமைக்கலாம். அதை ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் இளகவைத்து, மறுநாளுக்குள் சமையுங்கள். சமையல் மேடையில் இரவெல்லாம் கிடத்தாதேயுங்கள். தேதி முடிந்தபின் ஃபிரீசரில் போட்டால், போன நாட்கள் திரும்பிவருவதில்லை.

வேலை செய்யும் வீட்டில் ஏதாவது கொடுத்தால் தாழ்மையோடு தேதியைப் பாருங்கள். "அம்மா, ஒருநாள் முன்னதாகக் கொடுத்தால் அன்றைக்கே சமைத்துக்கொள்வேன்" என்று சொல்வதில் அவமரியாதை ஒன்றுமில்லை. மேலே குறிப்பிட்ட சகோதரியும் அப்படியே சொன்னார்கள். அந்த வீட்டம்மா தேதியைக் கவனிக்காமல் கொடுத்திருந்தார்கள்; அதன்பின் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள் என்று சகோதரி சொன்னார்கள். கொடுக்கும் நிலையில் இருக்கிற வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை: நம் பிள்ளைக்குப் பரிமாறத் தயங்கும் கறியை வாசலில் நிற்கிறவருக்குக் கொடுப்பது தர்மமாகாது.

தவறி ஒருவர் சாப்பிட்டு, வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டால், ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொடுங்கள். இரத்தம் கலந்து போனாலும், கடுங்காய்ச்சல் வந்தாலும், சிறுநீர் குறைந்தாலும் தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கர்ப்பிணியானால் காய்ச்சல் மட்டும் வந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பிரியமானவர்களே, தேதி கடந்துவிட்டதா, குளிரில்தான் இருந்ததா என்று உங்களால் உறுதியாகச் சொல்ல முடியாத கறியை மனஉறுத்தலின்றி அப்புறப்படுத்துங்கள். நாய்கள் இழுக்காதபடி நன்றாகக் கட்டிப் போடுங்கள். அன்றைய பந்திக்குப் பருப்பும் ரசமும் போதும். அடுத்த வாரம் நல்ல கறியைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மகிழ்ச்சியாய்ச் சாப்பிடுங்கள்.