வைரசுக்கு உயிர் இருக்கிறதா?



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

தரம் 10 விஞ்ஞானத்தில் உயிரங்கிகளின் இயல்புகள் பற்றி ஒரு பாடம் வரும். கலங்களால் ஆனவை, போசணை பெறும், சுவாசிக்கும், கழிவகற்றும், தூண்டலுக்குத் துலங்கும், அசையும், வளரும், இனம் பெருக்கும். பிள்ளைகள் இதை ஒரே மூச்சில் ஒப்புவிப்பார்கள். பரீட்சைக்கு அது போதும். ஆனால் பறித்த கொழுந்துக்கு உயிர் இருக்கிறதா என்று கேட்டால் வகுப்பே இரண்டாகிவிடும்.

"பறிச்சவுடனே செத்துருச்சு சேர்" என்று பாதிப் பேர் சொல்வார்கள். கொழுந்துச் சாக்கைத் தூக்கிப் பழகிய வீட்டுப் பிள்ளைகள் கொஞ்சம் யோசிப்பார்கள். கொழுந்தைச் சாக்கில் அமுக்கி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து உள்ளே கையை விட்டால் சுடும். நிழலில் வைத்திருந்தாலும் சுடும். காரணம், இலை இன்னும் சுவாசிக்கிறது. செடியை விட்டுப் பிரிந்த பிறகும் அதன் கலங்கள் ஒட்சிசனை எடுத்து, சேமித்து வைத்த வெல்லத்தை எரித்து, காபனீரொட்சைட்டையும் வெப்பத்தையும் வெளிவிடுகின்றன. ஃபெக்டரியில் கொழுந்தைப் பரப்பிக் காற்று விட்டு வாட்டும் அந்த நீண்ட நேரத்திலும் இது தொடர்கிறது.

பிறகு ரோலரில் போட்டு முறுக்குகிறார்கள். அங்கேதான் கலங்கள் உடைகின்றன. கலத்துக்குள் தனித்தனி இடங்களில் இருந்த பொலிபீனோல்களும் நொதியங்களும் ஒன்றாகக் கலக்கின்றன. காற்றுப் பட்டு இலை செம்பு நிறமாகிறது. இப்போது இலைக்கு உயிர் இல்லை. ஆனாலும் நொதியம் வேலை செய்துகொண்டே இருக்கிறது. ட்ரையரின் சூடு பட்ட பிறகுதான் அதுவும் ஓய்கிறது.

இதைக் கவனியுங்கள். ரோலருக்கு முன்பும் பின்பும் இலையில் இருந்த பொருட்கள் ஏறக்குறைய ஒன்றே. அவற்றை அதனதன் இடத்தில் வைத்து, சக்தி கொடுத்து நடத்திக்கொண்டிருந்த கலம்தான் உடைந்துபோனது. உயிரியல் உயிர் என்று சொல்வது அந்த நடத்துதலைத்தான். அது நடப்பதற்குக் கலம் வேண்டும்.

இனி வைரசுக்கு வருவோம். 1892இல் ரஷ்யாவில் டிமித்ரி இவனோவ்ஸ்கி, நோய் பிடித்த புகையிலையின் சாற்றை பக்டீரியாவும் புக முடியாத வடியில் வடித்தார். வடித்த சாறும் நல்ல இலைக்கு நோயைக் கொடுத்தது. 1935இல் அமெரிக்காவில் வென்டல் ஸ்டான்லி அந்த வைரசை உப்பு, சீனி போலப் பளிங்காக்கிக் காட்டினார். போத்தலில் வைத்தால் அது சாப்பிடாது, சுவாசிக்காது, வளராது. புகையிலையில் தடவினால் கலத்துக்குள் புகுந்து, அந்தக் கலத்தின் இயந்திரத்தை வைத்தே தன்னைப் பிரதி எடுக்கும். 1946இல் ஸ்டான்லிக்கு நோபல் பரிசு கிடைத்தது, அதுவும் இரசாயனத்துக்கான பரிசு!

அதற்கு உயிர் இருக்கிறதா, இல்லையா? விஞ்ஞானிகள் இன்றும் வாதாடுகிறார்கள். உயிர் என்பது தன்னைத் தானே பேணிக்கொள்ளும், கூர்ப்படையக்கூடிய இரசாயனத் தொகுதி என்று நாசா ஒரு வரைவிலக்கணம் வைத்திருக்கிறது. வைரசு கூர்ப்படைகிறது. டெல்டா, ஒமிக்ரோன் என்று நாமே பார்த்தோம். ஆனால் அது தன்னைத் தானே பேணுவதில்லை. இப்படி வாதம் எவ்வளவு நீண்டாலும் ஒரு விஷயத்தில் இரண்டு கருத்து இல்லை: உயிருள்ள கலத்துக்கு வெளியே எந்த வைரசும் பெருகாது.

இந்த ஒரு வரி நமது நாட்டில் வெறும் பாடமாக மட்டும் இருக்கவில்லை.

2020 ஏப்ரலில் கொவிட்டால் இறந்தவர்களைக் கட்டாயம் எரிக்க வேண்டும் என்று வர்த்தமானி வந்தது. புதைத்தால் வைரசு நிலத்தடி நீரில் கலந்து பரவும் என்று காரணம் சொல்லப்பட்டது. எரிப்பதுதான் பாதுகாப்பு என்பது சரியல்ல என்று அதற்கு முன்பே, மார்ச் மாதத்தில், உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தது. ஆனாலும் பிறந்து 20 நாளான குழந்தையின் ஜனாஸா கூட எரிக்கப்பட்டது. பொரளை மயானத்தின் வேலியில் எல்லா மதத்தவரும் வெள்ளைத் துணி கட்டினார்கள். இது நம்மவரின் வேதனை மட்டுமல்ல. கிறிஸ்தவக் குடும்பங்களும், மண்ணில் அடக்கம் செய்யும் வழக்கமுள்ள தோட்டத்து மக்களும் அதே சட்டத்துக்குள்தான் இருந்தார்கள்.

பாடத்தை இங்கே பொருத்திப் பாருங்கள். மனிதன் இறந்த பிறகும் சில கலங்கள், பறித்த கொழுந்து போல, கொஞ்ச நேரம் இயங்கும். உடலில் வைரசும் சில நாட்கள் இருக்கலாம். அதனால் குளிப்பாட்டுவோரும் தூக்குவோரும் கவனமாக இருக்கத்தான் வேண்டும். ஆனால் கலங்கள் ஓய்ந்த பிறகு வைரசுக்குப் பெருக இடமில்லை. மிஞ்சிய துகள்களும் சிதைந்துகொண்டே போகும். ஆறடி மண்ணுக்குள் அது முளைத்துப் பரவுவதற்கு வைரசு ஒன்றும் விதை அல்ல.

2021 பெப்ரவரி இறுதியில் சட்டம் மாறியது. ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. ஹட்டனிலிருந்து ஓட்டமாவடி எவ்வளவு தூரம் என்று உங்களுக்குத் தெரியும். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. எரிக்கப்பட்டவர்களின் குடும்பங்களுக்குப் போய் நிற்க ஒரு கப்ர் இல்லை.

ரூஹைப் பற்றி நான் இங்கே எழுதவில்லை. அது என் ஈமானைச் சேர்ந்தது. பாடப் புத்தகம் அதை அளக்க வராது, நானும் வரச் சொல்லவில்லை. ஆனால் கலம் என்றால் என்ன, வைரசு எங்கே பெருகும் என்பதை எவரும் படித்துத் தெரிந்துகொள்ளலாம். அதற்கு நம் பிள்ளைகளிடம் புத்தகமும் இருக்கிறது, வாசலிலேயே தேயிலை மலையும் இருக்கிறது.

பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை அந்த எட்டு இயல்புகளைப் பாடமாக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். "கொழுந்துக்கு உயிர் இருக்கா? விதைக்கு? வைரசுக்கு?" பதில் பிழையாக வந்தாலும் ஏசாதீர்கள். ஏன் என்று மட்டும் கேளுங்கள். நாளைக்கு யாராவது பெரிய இடத்திலிருந்து ஒரு காரணம் சொன்னால், அதையும் ஏன் என்று கேட்க அவர்களுக்குப் பழகியிருக்கும், இன்ஷா அல்லாஹ்.

ஃபெக்டரியில் வேலை செய்பவர்கள் இருந்தால், இலை வாடும்போது நீங்கள் கவனித்ததை கமெண்டில் எழுதுங்கள். வகுப்பில் வாசித்துக் காட்டுகிறேன்.