அரை மணித்தியால நாடு

என் கீழ் வீட்டுக்காரர் ஹர்கெய்சாவில் பிறந்தவர். நான் ரெஸ்டோரண்ட் குசினியால வர, அவர் துப்புரவு வேலையால வர, ஹொல்ம்லியா ஸ்டேசனில் கடைசி ரயிலால் இறங்கி இரண்டு பேரும் ஒன்றாக நடப்போம். யாராவது அவரைச் சோமாலியாக்காரன் என்றால் நின்று திருத்துவார்: "சோமாலிலாந்து." அவருடைய கடதாசிகளிலோ பிறந்த நாடு சோமாலியாதான்.

2025 டிசம்பர் 26 இல் இஸ்ரேல் சோமாலிலாந்தை அங்கீகரித்தது. 1991 மே மாதம் தனிநாடாகப் பிரகடனம் செய்த இடத்துக்கு, ஐ.நா. உறுப்பு நாடு ஒன்று கொடுத்த முதல் அங்கீகாரம். வாழ்த்துச் சொன்னேன். அவருக்கு முழுதாகச் சிரிப்பு வரவில்லை. "34 வருசம் பார்த்துக்கொண்டிருக்க, கடைசியில் வந்த ஆளைப் பார்" என்றார். பிறகு கேட்டார்: "உங்களுக்கும் ஒரு நாடு இருந்ததெல்லோ? அதுக்கு என்ன நடந்தது?"

படியில் நின்று சொல்லி முடிக்கிற கதையா அது?

சமாதான காலத்தில் நான் யாழ் பல்கலைக்கழகத்தில் படித்தேன். வீடு கிளிநொச்சிப் பக்கம். வீட்டுக்குப் போவதென்றால் முகமாலையில் ஆமிக்கு அடையாள அட்டை காட்டி, சூனியப் பிரதேசம் தாண்டி, இயக்கத்தின் பக்கம் திரும்பவும் பதிய வேண்டும். அந்தப் பக்கம் போனதும் மணிக்கூட்டை அரை மணித்தியாலம் பின்னுக்குத் திருப்புவேன். 1996 இல் கொழும்பு நேரத்தை மாற்றியபோது இயக்கம் மாற்றவில்லை. பழைய நேரம் வன்னி நேரமாக நின்றுவிட்டது. காவல்துறை, நீதிமன்றம், ஆயப்பகுதி, வைப்பகம் எல்லாம் இருந்தன. ஆனால் எனக்கு நாடு என்ற எண்ணம் வந்தது அந்த மணிக்கூட்டைத் திருப்பும்போதுதான்.

அப்பா பள்ளிக்கூட வாத்தியார். தமிழீழக் காவல்துறை நிற்கிற சந்தியால் சைக்கிளில் போய், கொழும்பு அனுப்பின சம்பளத்தை எடுத்து வருவார். கச்சேரி கொழும்பினுடையது. உயர்தரச் சோதனையும் கொழும்பினுடையது. தமிழீழ வைப்பகத்தில் எண்ணின காசும் இலங்கை ரூபாய்தான். வெளிநாடு போக ஆசைப்பட்டவன் ஓமந்தை தாண்டிப் போய்த்தான் கடவுச்சீட்டு எடுத்தான். இதை அப்போது ஒருவரும் பெரிதாகக் கதைப்பதில்லை. நானும் கதைக்கவில்லை.

ஒரு நாட்டுக்கு நாலு தகுதி வேண்டும் என்கிறது 1933 ஆம் ஆண்டின் மொண்டெவிடியோ உடன்படிக்கை: நிரந்தரமான மக்கள், வரையறுத்த நிலம், ஓர் அரசாங்கம், மற்ற நாடுகளோடு உறவு வைக்கும் ஆற்றல். நாலாவதை நோர்வே தந்துவிட்டதாக நாங்கள் நினைத்தோம். 2002 பெப்ரவரி 22 ஒப்பந்தத்தில் பிரதமரின் கையெழுத்தோடு தலைவரின் கையெழுத்தும் இருந்தது அல்லவா? ஆனால் அந்தக் கையெழுத்து போரில் ஒரு தரப்பினுடையது. அதை வைத்து ஒருவரும் எங்களை அரசு என்று ஏற்கவில்லை. 2006 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் இயக்கத்தைத் தடை செய்தது. நோர்வே செய்யவில்லை. தடை செய்யாததையே பாதி அங்கீகாரமாக எடுத்துக்கொண்டோம்.

2008 மார்ச்சில் நோர்வே கொசோவோவை அங்கீகரித்தபோது நான் இங்கே குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். "அடுத்தது நாங்கள்" என்றான் கூட நின்ற தமிழ்ப் பெடியன். கொசோவோவுக்குப் பின்னால் அமெரிக்கா நின்றது. எங்களை அமெரிக்கா 1997 இலேயே தடைப் பட்டியலில் போட்டுவிட்டது.

2009 மே 27 இல் ஐ.நா. மனித உரிமைகள் சபையில் இலங்கைக்குச் சாதகமான தீர்மானம் 29 க்கு 12 என்று நிறைவேறியது. உள்நாட்டு விவகாரத்தில் தலையிடக்கூடாது என்ற கோட்பாட்டை அது திரும்பவும் உறுதிப்படுத்தியது. அப்பாவும் அம்மாவும் அன்றைக்கு வவுனியாவில் முட்கம்பிக்குள். சட்டத்தின் கண்ணில் நாடு ஒன்றும் விழவில்லை, ஏனென்றால் நாடு ஒன்று இருக்கவே இல்லை.

சோமாலிலாந்தில் 2024 நவம்பர் தேர்தலில் தோற்ற ஜனாதிபதி வென்றவரிடம் ஆட்சியைக் கொடுத்துவிட்டுப் போனார். நாங்கள் எங்கள் ஆட்சியாளரைத் தெரிய ஒரு தேர்தல் வைக்கவில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களை வெளியே அனுப்பினோம். கடைசியில் வீட்டுக்கு ஒரு பிள்ளை கேட்டோம். இதெல்லாம் செய்யாமல் இருந்திருந்தால் உலகம் அங்கீகரித்திருக்குமா? இல்லை. சோமாலிலாந்தையே 34 வருடம் காக்க வைத்த உலகம் இது. ஆனால் அவருக்கு வாக்குப் போட்ட நினைவு இருக்கிறது. எனக்கு மணிக்கூட்டைத் திருப்பின நினைவுதான். திட்டுகிறவர்கள் திட்டலாம், நான் கண்டதை எழுதுகிறேன்.

2006 ஏப்ரலில் கொழும்பு பழைய நேரத்துக்கே திரும்பி வந்தது. "அவங்கள் எங்கட நேரத்துக்கு வந்திட்டாங்கள்" என்று வளாகத்தில் சிரித்தோம். நாலு மாதத்தில் முகமாலைப் பாதை பூட்டியது. நான் யாழ்ப்பாணப் பக்கம், வீடு அந்தப் பக்கம். படிப்பும் அதோடு நின்றது.

கீழ் வீட்டுக்காரருக்கு இவ்வளவும் சொல்லவில்லை. "எங்கட நாடு அரை மணித்தியாலம் பிந்தி ஓடினது" என்று மட்டும் சொன்னேன். அவர் பகிடி என்று நினைத்துச் சிரித்தார்.