பீடத்தின் அடியில் ஒரு பெயர்

மாமல்லபுரத்தில் ஐந்து ரதத்துக்குப் போகும் சாலையோரம் உட்கார்ந்து கல் கொத்துகிறேன். சுற்றுலா வருபவர்கள் விலை கேட்பதற்கு முன்பே கேட்டுவிடும் கேள்வி ஒன்று உண்டு: "எத்தனை தலைமுறையாக இந்தத் தொழில்?"

என் அப்பா திருக்கழுக்குன்றம் பக்கம் குத்தகை நிலத்தில் நெல் பயிரிட்டவர். நான் பள்ளிக்கூடம் முடித்த கையோடு ஒரு பட்டறையில் சேர்ந்தேன். மாக்கல்லில் யானை, ஆமை என்று தொடங்கி, கை படிந்த பிறகு கருங்கல்லுக்கு வந்தேன். வெளிநாட்டுக்காரர்களை அழைத்துவரும் வழிகாட்டித் தம்பி, "அண்ணே, பல்லவர் காலத்துலேர்ந்து உங்க குடும்பம் செய்யுதுன்னு சொல்லுங்க. அதைக் கேக்கத்தான் வர்றாங்க" என்பான். சொன்னதில்லை. நான்தான் முதல் தலைமுறை என்றதும் முகம் வாடி அடுத்த கடைக்குப் போனவர்களும் உண்டு. போகட்டும். 1957-இல் அரசு இங்கே தொடங்கிய சிற்பப் பயிற்சி நிலையம் இன்று கல்லூரியாக நிற்கிறது. அதன் வழியாகவும் பட்டறைகள் வழியாகவும் எத்தனையோ வீட்டுப் பிள்ளைகள் உளி பிடித்தார்கள். அந்த வரலாறும் பெருமைக்குரியதுதான்.

ஆனாலும் பார்க்க வருபவர்களின் கண் எங்களை மாற்றாமல் இல்லை. பாறையைப் பிளந்து உருவுக்குக் கொண்டுவரும் முரட்டு வேலையைப் பின்பக்கம் கிரைண்டர் செய்கிறது. அந்தத் தூசியில் நெஞ்சு கெடுகிறது. வாசலில் உளியும் சுத்தியலுமாக உட்காருகிறோம். இதை வேஷம் என்று சொல்பவர்களை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். புத்தரின் கீழுதடு முடிகிற மூலையில் கிரைண்டர் நுழையாது. சின்ன உளியைச் சாய்த்துப் பிடித்து, சுத்தியலைத் தட்டியும் தட்டாமலும் விட வேண்டும். ஒரு சில்லு கூடப் பெயர்ந்தால் புன்னகை ஏளனமாகிவிடும். அந்த நேரத்தில் யாராவது நின்று பார்த்தால் எனக்குக் கை இன்னும் நிதானப்படுகிறது.

ஒருமுறை, தோட்டத்தில் வைக்கப் புத்தர் வாங்கிய ஒரு பிரெஞ்சு அம்மா, சிலையில் என் பெயர் எங்கே என்று கேட்டார். எங்களுக்கு அந்த வழக்கமே கிடையாது. கோயிலுக்குச் செய்யும் சிலை, உறுப்புகளின் அளவைச் சொல்லும் தாளக் கணக்குப்படி வரும், கண் திறந்ததும் சாமியாகிவிடும். அதில் செய்தவன் பெயருக்கு இடமில்லை என்றுதான் ஆசான் கற்றுத்தந்தார். அந்த அம்மாவுக்காகச் சிலையைச் சாய்த்துப் பீடத்தின் அடியில் பெயரை வெட்டினேன். கருங்கல்லில் தமிழ் எழுத்தின் வளைவுகளுக்கு உளி லேசில் வளைந்து கொடுக்காது. வெட்டி முடித்து, தூசியை ஊதிவிட்டுப் பார்த்தபோது, இதைச் செய்தவன் நான் என்று முதன்முதலாகத் தோன்றியது.

பிறகுதான் பக்கத்திலிருக்கும் பூஞ்சேரிக்குப் போனேன். நொண்டி வீரப்பன் தோட்டம் என்னும் இடத்தில், பல்லவர் கால எழுத்தில் பாறைமேல் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன: கேவாத பெருந்தச்சன், குணமல்லன் என்று. மாமல்லபுரத்தில் வேலை செய்த கலைஞர்களின் பெயர்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அவர்களில் ஒருவர் கொல்லன், சேமகன். என் மனம் அவரிடம்தான் நின்றது. கருங்கல்லில் உளி முனை சீக்கிரம் மழுங்கும். உலையில் காய்ச்சி அடித்துக் கூராக்கித் தருபவர் இல்லாவிட்டால் எங்கள் வேலை அரைநாள் நகராது. அவரையும் சேர்த்துத்தான் அந்தப் பாறை பெயர் சொல்கிறது.

2017-இல் மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊருக்குப் பெயர் வந்தது நல்லதே. செய்தவனுக்கும் வர வேண்டும். மொத்தமாக வாங்கும் வியாபாரி ஒருவர் பீடத்தில் உள்ள பெயரைத் தேய்த்துத் தந்தால்தான் எடுப்பேன் என்றார். நான் சிலையைக் கொடுக்கவில்லை. கோயில் சிலைகளுக்கு ஆசான் சொன்னதே இன்றும் என் வழக்கம். மற்றவற்றில் என் பெயரோடு, எங்கள் பட்டறையில் எமரிக் கல்லால் தேய்த்து மெருகேற்றும் அக்காவின் பெயரையும் இப்போது வெட்டுகிறேன்.