பழைய துவக்கா, புதுத் துவக்கா?

ஒன்ராறியோவின் வடக்குப் பக்கம் வேலைக்கு வந்து மூன்றாவது வருஷம், நானும் தம்பியும் மான் வேட்டை பழகுவம் என்று முடிவெடுத்தோம். இங்கே நவம்பர் வந்தால் ஊரில பாதிச் சனம் காட்டுக்குள்ளதான். வகுப்புக்குப் போய், சோதனை எழுதி, அனுமதிப்பத்திரமும் எடுத்தாச்சு. மிச்சம் துவக்கு ஒன்றுதான்.

பக்கத்து வீட்டுக் கிழவர் தன் தகப்பனின் துவக்கை மலிவாகத் தாறன் என்றார். நாலாம் நம்பர் லீ என்ஃபீல்ட். பக்கத்தில் 'லோங் பிராஞ்ச் 1943' என்று பொறித்திருந்தது. ரொறொன்ரோவுக்குப் பக்கத்தில் இருந்த ஆயுதத் தொழிற்சாலை அது. யுத்தம் முடிய, மிஞ்சின துவக்குகள் மலிவாகச் சந்தைக்கு வந்தன. சனம் வாங்கி, முன்பக்க மரத்தை வெட்டிப் பாரம் குறைத்து, வேட்டைக்கு எடுத்தார்கள்.

கையில் வாங்கினதும் தம்பி மெதுவாகச் சொன்னான்: "அண்ணை, இது த்ரீ நொட் த்ரீ."

அப்பப்பா சொன்ன பொலிஸ் கதைகளில் வந்த அதே துவக்கு. செக்பொயின்ரில் நாங்கள் பார்த்து வளர்ந்தது ரி-56. என்றாலும் கை கூசியது.

அம்மாவுக்கு போன் எடுத்தோம். "துவக்குச் சத்தம் கேளாத இடமெண்டுதானே உங்களை அனுப்பினனான்," என்றா. கொஞ்சம் பொறுத்து, "மனுசரைச் சுடச் செய்ததை வீட்டுக்க வையாதேங்கோ."

எங்களுக்கும் அது சரியாகத்தான் பட்டது. கடையில் புதுசு பார்த்தோம். தொலைநோக்கி பூட்ட இடம் அதிலேயே இருக்கு. பழையதில் யாரோ துளை போட்டிருந்தார்கள். அப்படித் துளைத்தால் பழம்பொருளாகச் சேர்க்கிறவர்களும் நல்ல விலை தரமாட்டார்கள். ரவைக்கும் பூட்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியைத் துவக்குத் திருத்துபவரிடம் கொடுத்து அளக்கவும் வேணும். 1947 தொடக்கம் லீ என்ஃபீல்டை வைத்திருந்த கனடிய ரேஞ்சர்களே, உதிரிப்பாகம் கிடைப்பது கஷ்டமாகி, 2018இல் புதுசுக்கு மாறத் தொடங்கினார்கள்.

புதுசையே வாங்கினோம். .308 ரவை, எந்தக் கடையிலும் கிடைக்கும்.

வீட்டுக்கு வந்து வாசித்தபோதுதான் தெரிந்தது: அந்த .308உம் நேட்டோ படைகளின் 7.62 ரவையும் கிட்டத்தட்டக் கூடப்பிறந்ததுகள். இழுத்துத் தள்ளும் அந்தப் பூட்டும் ஜெர்மன் படைக்குத் துவக்குச் செய்த மௌசரின் வழியில் வந்ததுதான். போரோடு சம்பந்தம் இல்லாத துவக்கைத் தேடினோம். அப்படி ஒன்று கிடைக்கவில்லை.

சுட்டுப் பழகப் போன முதல் நாள், பக்கத்தில் ஒருவர் சுட்ட முதல் வெடிக்கே நாங்கள் இரண்டு பேரும் குனிந்துவிட்டோம். ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். சிரிக்கவில்லை.

துவக்கு இப்போது பூட்டின பெட்டிக்குள் இருக்கு. நல்ல துவக்குத்தான். அம்மாவுக்கு .308இன் கதையை இன்னும் சொல்லவில்லை.